கீழே இறங்கும் மீட்டர்

அறுவை முடிந்த மறுநாள் காலையில்தான் அவருக்கு வலதுகால் திரும்பி வந்தது. அதுவரை அது எங்கேயோ போயிருந்தது. போர்வைக்குள் ஒரு கால் கிடப்பது தெரிந்தது. யாருடையது என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டார். இடுப்பெலும்பு உடைந்து வருகிறவர்களுக்குத் தொடை மடிப்பில் ஓர் ஊசி போடுவார்கள். காலிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்பைச் சுற்றி அந்த மருந்து குளம்போலத் தேங்கி நிற்கும். அது நிற்கும்வரை கால் என்ன கத்தினாலும் மூளைக்குக் கேட்காது. அரை நாளிலோ ஒரு நாளிலோ குளம் வற்றிவிடும்.

வற்றியபோது அவர் அதைத் தண்ணீராகவே உணர்ந்தார். முப்பத்து நான்கு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஊரில் அவருக்கு மீட்டர்காரர் என்றுதான் பெயர். மனைவிகூடச் சண்டை நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவாள். எங்கோ தொலைவில் யாரோ ஒரு வால்வைத் திறந்தார்கள். காலியாகக் கிடந்த குழாயில் முதலில் காற்று வந்தது. பிறகு இடுப்புக்குள் மெல்ல மெல்ல ஏதோ ஏறியது. வார்டின் வெளிர்பச்சைத் திரைகள் நீருக்கடியில் பாசி அசைவதுபோல் அசைந்தன.

அந்த மாடியில் வலியைக் கவனிப்பதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்தார். படுக்கை படுக்கையாகப் போய் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"ஐயா, சைபர்லருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. வலி எவ்வளவு?"

அவர் கண்ணை மூடிக் கவனமாகப் பார்த்தார். "ரெண்டு."

நாலு மணி நேரம் கழித்து மறுபடி கேட்டார்கள். "மூணு" என்றார். அடுத்த முறை ஒன்று. அதற்கடுத்து சைபர். பிறகு ஒன்று. மறுநாள் காலையில் மறுபடி சைபர். நர்ஸ் மாறினாலும் கேள்வி மாறவில்லை. படுக்கையின் காலடியில் தொங்கிய தாளில் எண்கள் வரிசையாக உட்கார்ந்தன. பார்க்கிற யாருக்கும் மனசு குளிரும் தாள் அது.

ஆனால் தாளுக்கு மேலே படுத்திருந்தவர் நேரம் ஆக ஆக மங்கிக்கொண்டே போனார். சுவருக்குள் எங்கோ குழாய் ஒழுகுகிறது, யாராவது போய்ப் பாருங்கள் என்று முனகினார். எதிர்ப் படுக்கைக்காரரிடம், கேட்டைத் திறங்க, நாயைப் பிடிச்சுக்கோங்க என்றார். சுற்றிப் பார்க்க வந்த டாக்டர் தாளைப் படித்தார், முனகலைக் கேட்டார், இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டார். வலி இல்லை, ஆனால் புத்தி தடுமாறுகிறது, அப்படியானால் வலுவான மருந்துதான் காரணம். "அத இனிமே கொடுக்க வேண்டாம், சாதா மாத்திரை போதும்" என்று எழுதிவிட்டுப் போனார்.

காலையில் நடைப்பயிற்சி கொடுக்கிற பிசியோ வந்தார். வயதானவர்களை மறுநாளே எழுப்பி நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம். படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், இருக்கிற சதையும் கரைந்துபோகும். மீட்டர்காரர் ஏற்கனவே ஒரு நாளைக் கோட்டை விட்டிருந்தார். இன்றும் படுக்கைக் கம்பியை விடவில்லை.

"வலி சைபர்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் ஐயா பயம்?"

"பயம் இல்ல தம்பி. முடியல."

பிசியோ தயங்கிச் சொன்னார். "சாயங்காலத்துக்குள்ள அந்தக் கதவு வரைக்குமாவது நடக்கணும். இல்லன்னா நேரா வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஊருக்கு வெளிய இருக்கற பயிற்சி இல்லத்துக்குத்தான். ஆறு வாரம் ஆகும்."

அந்த இல்லத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவர் மனைவிக்குப் பஸ் வருவது தெரியும். அதன் நெற்றியில் இருக்கும் எண் தெரியாது. கண்ணில் பாதிப் பார்வைதான். ஆறு வாரம் அவளைப் பார்க்க முடியாது என்பதை அவர் புரிந்துகொண்டார். மங்கலான அந்தத் தண்ணீருக்கடியில் அவருக்குத் தெளிவாகக் கேட்ட ஒரே வாக்கியம் அதுதான்.

மதியம் மனைவி வந்தாள். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அவளை வார்டு வாசலில் விட்டுப் போனாள். அவள் படுக்கைகளைக் கையால் தொட்டு எண்ணிக்கொண்டே வந்து நாலாவதில் நின்றாள்.

"என்னங்க, நீங்கதானே? வேற யார் பக்கத்துலயாவது உட்கார்ந்துடப் போறேன்."

"உட்காரேன். அவராவது சந்தோஷமா இருக்கட்டும்."

"வாய் மட்டும் முறியல" என்று அவர் கையைத் தேடினாள். கை கிடைக்கவில்லை. அது கம்பியைப் பிடித்திருந்தது. விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இறுகி, சில்லென்று வியர்த்திருந்தன.

அப்போது வலியைக் கவனிக்கும் அந்த நர்ஸ் வந்தார். "ஐயா, நம்பர்?"

அவர் கண்ணை மூடினார். "சைபர்."

"சைபரா?" என்றாள் மனைவி. "கண்ணு தெரியாதவ எனக்கே தெரியுது, சிஸ்டருக்குத் தெரியலையா? கையத் தொட்டுப் பாருங்க. கம்பியே வளைஞ்சிடும் போல இருக்கு."

"போன தடவைக்கு இப்ப ஒரு வித்தியாசமும் இல்ல" என்றார் அவர் பொறுமையாக. "அதான் சைபர்."

நர்ஸ் எழுதப்போன பேனாவை நிறுத்தினார். "போன தடவைக்கா?"

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, மீட்டர்காரரே! சிஸ்டர், இவர் ஓடின யூனிட்ட சொல்லிட்டு இருக்கார். போன ரீடிங்குக்கும் இந்த ரீடிங்குக்கும் எவ்வளவு ஏறுச்சோ அத. இவருக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டாலும் இதே கூத்துதான்."

நர்ஸ் தாளை எடுத்து மெல்லக் கூட்டிக்கொண்டே படித்தார். ரெண்டு, மூணு, ஒண்ணு, சைபர், ஒண்ணு, சைபர், இப்போது ஒரு சைபர். உதடு அசைய அசைய அவர் முகம் மாறியது. "அப்ப இப்ப முள்ளு எங்க ஐயா நிக்குது?"

"ஏழுல."

"கால அசைச்சா?"

"ஒம்பது. அதத் தாண்டறதுக்குள்ள நிறுத்திடுவேன்."

"ஏன் ஐயா முன்னாடியே சொல்லல?"

அவர் விழித்தார். "சொல்லி என்ன ஆகும்? முப்பத்தி நாலு வருஷத்துல கீழ இறங்கின மீட்டர் ஒண்ணுகூட நான் பார்த்ததில்லையே."

நர்ஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். விளக்கிச் சொல்வதில் அவருக்கு எப்போதும் ஓர் ஆசை.

"இது வேற மாதிரி மீட்டர், ஐயா. இறங்கும். அதுல எப்பவும் ரெண்டு ரீடிங் எடுக்கணும். குழாய மூடி வச்சு ஒண்ணு, திறந்து விட்டு ஒண்ணு. படுத்திருக்கறப்ப மட்டும் கேட்டது என் தப்பு. நடக்கறப்ப எவ்வளவுங்கறதுதான் முக்கியம். இப்ப குடுக்கற சாதா மாத்திரை இருக்கே, அது அஸ்திவாரம். வலிச்சாலும் வலிக்கலைன்னாலும் நேரா நேரத்துக்குப் போடணும். அதுக்கு மேல வலுவான மருந்து, ரொம்பச் சின்ன அளவு. உங்க வயசுக்கு அது கொஞ்சம் கூடினாலும் தூக்கம் அழுத்தும், மூச்சு மெதுவாகும், புத்தி கலங்கும்."

"ஏற்கனவே கலங்கித்தானே இருக்கேன்? குழாய் ஒழுகுதுன்னு சொன்னேனாமே."

"மருந்தாலயும் கலங்கும், மருந்து பத்தாமலும் கலங்கும். நேத்துலருந்து ஆறுலயும் ஏழுலயும் முள்ளு நின்னா யாருக்கும் கலங்கும். இதோட வயிறு கட்டிக்காம இருக்கவும் ஒண்ணு தருவோம்."

"அத மறந்துடாதீங்க சிஸ்டர்" என்றாள் மனைவி. "இவருக்கு அந்த லைன் எப்பவும் அடைப்புதான்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே போய் டாக்டரிடம் போனில் பேசினார். நீண்ட நேரம் பேசினார். திரும்பியபோது கையில் ஒரு குட்டிக் கிண்ணத்தில் மருந்தும், துணி சுற்றிய ஐஸ் பையும் இருந்தன. "பிசியோவ முக்கால் மணி நேரம் கழிச்சு வரச் சொல்லியிருக்கேன். மருந்து முன்னாடி போகணும், கால் பின்னாடி போகணும். நடந்து வலிச்சப்புறம் கொடுத்தா, ஓடற பஸ்ஸ துரத்தற கதை."

அந்த முக்கால் மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை, எல்லாமே நடந்தது. தரையில் படுத்திருந்த வெயில் ஒரு கட்டில்காலிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தது. இடுப்புக்குள் நிரம்பியிருந்த தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே போனது. பிறகு இன்னொரு விரற்கடை. அவர் மூச்சுவிடாமல் கவனித்தார். திரைகள் திரைகளாயின. எதிர்ப் படுக்கைக்காரர் ஒரு மனிதராகி, நாயைப் பிடிச்சாச்சு ஐயா என்று கண்ணடித்தார். கம்பியிலிருந்து அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மனைவியின் உள்ளங்கைக்குள் போயின.

"சொல்லுங்க ஐயா" என்றார் நர்ஸ்.

"மூணு" என்றார் அவர். குரலில் நம்பிக்கையின்மை இருந்தது. "நிஜமான மூணு."

பிசியோ நடைச்சட்டத்தை முன்னால் வைத்தார். உட்கார்ந்ததும் வலி அஞ்சுக்கு ஏறியது. எழுந்ததும் ஆறு. நர்ஸ் நிறுத்தச் சொன்னார். நின்றபடி நாலு மூச்சு விட்டதும் அது தானாகவே ஐந்துக்கு வந்தது. அஞ்சு வரைக்கும் நடக்கலாம் என்றார் நர்ஸ். சுத்தமாக வலியே இல்லாமல் ஆக்குவது எங்கள் வேலை இல்லை, நடக்கிற அளவுக்குக் குறைப்பதுதான் வேலை என்றார்.

மனைவி அதற்குள் எழுந்து, படுக்கைகளைத் தொட்டுக்கொண்டே கதவுக்குப் போய்விட்டிருந்தாள். "எங்க வர்றீங்க? எனக்கு ஒண்ணும் தெரியல. பேசிட்டே வாங்க."

"ரெண்டாவது கட்டில்கிட்ட."

"பொய். சட்டம் இடிக்கற சத்தம் தூரத்துல கேக்குது."

"சரி, மூணாவது."

முதலில் சட்டம், பிறகு உடைந்த கால், பிறகு நல்ல கால். பிசியோ மெதுவாக அடுக்கிச் சொல்ல, அவர் அதே வரிசையில் நகர்ந்தார். இரண்டாவது கட்டில். முதல் கட்டில். நெற்றி வியர்த்தது, நின்றார், மறுபடி நகர்ந்தார். கடைசியில் சட்டத்தின் முன்கம்பி அவள் புடவையைத் தொட்டது. அவள் கையை நீட்டி அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள். சவரம் செய்யாத கன்னம், ஈரமான கண்.

"போதும் ஐயா, திரும்பலாம்" என்றார் பிசியோ.

"திரும்பறதா?" என்றாள் அவள். "கதவு வரைக்கும் வந்தாச்சு. இப்படியே வீட்டுக்குப் போயிடலாமே."

"ரெண்டு நாள் பொறுங்கம்மா. அந்த இல்லத்துக்கு எழுதின கடிதத்த நான் கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார் பிசியோ.

அவள் கணவரின் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தாள். அவர் வழி பார்த்தார், அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். படுக்கைக்குத் திரும்பத்தான் அவர்களுக்கு அதிக நேரம் ஆனது; அவசரப்பட இருவருக்கும் ஒன்றுமில்லை.