கல்லறைக்கு ஒரு செம்புத் தண்ணீர்

கல்லறைத் திருநாளன்று மாலை லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஆட்டோவில் கிளம்பிய லீலாவதியின் மடியில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு பிடி எள் போட்டிருந்தாள். ஊரில் ஆண்கள் செய்கிற காரியம்தான். பிள்ளை இல்லாத வீட்டில் யாரைத் தேடுவது? கிறிஸ்தவக் கல்லறையில் எள்ளும் தண்ணீருமா என்ற கூச்சமும் அவளுக்கு இல்லை. அருள்ராஜ் தாலி கட்டும்போது அவளை மதம் கேட்கவில்லை. செத்த பிறகு மட்டும் எதற்குக் கேட்க வேண்டும்?

மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றுவிட்டார் டாக்டர். கடைசி நாள் முழுக்கத் தண்ணீர், தண்ணீர் என்றே கேட்டார். பக்கத்தில் காவல் நின்றவள் அவருடைய அக்கா உஷாராணி, ஓய்வுபெற்ற நர்ஸ். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்ததோடு சரி.

கல்லறையில் நாத்தனார்கள் இருவரும் முன்பே வந்திருந்தார்கள். இளையவள் பிரபா கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் உஷாராணி அதைத் தொடமாட்டாள், தள்ளி நின்றாள். செம்பைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டியது.

"எதுக்குட்டி இது?"

"அவருக்குத்தான் மதினி. தாகத்தோட போனாரு."

"அவன் இருக்க இடத்துக்குத் தண்ணி போவாது. வேதத்துல, நரகத்துல கிடந்த ஐசுவரியவான் ஒரு சொட்டுக்குக் கெஞ்சுனானே, கிடைச்சுதா? நடுவுல பெரும்பிளப்பு கிடக்கு. மனந்திரும்புலேன்னு எத்தனை தடவ சொன்னேன். சாகக் கிடக்கும்போதுகூட பாஸ்டரை வெளிய போகச் சொல்லிட்டான்."

"சும்மா இரு அக்கா. அண்ணன் பாவம் கழியுற உத்தரிக்கிற ஸ்தலத்துலதான் இருக்கான். பூசைக்குச் சொல்லியிருக்கேன், நாம ஜெபிக்க ஜெபிக்க மேல வந்துருவான்" என்றாள் பிரபா.

"அந்த ஸ்தலம் வேதத்துல எங்கட்டி இருக்கு?"

அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஒதுக்குவதுபோல, கூடப்பிறந்தவனுக்கு ஆளுக்கோர் இடம் ஒதுக்கிச் சண்டை போட்டார்கள். லீலாவதிக்கு ஒன்றுதான் தோன்றியது. இதில் எது நிஜமானாலும் அவர் இன்னும் தாகத்தோடுதானே இருக்கிறார்?

"மதினி," என்றாள். "உங்கம்மா ஜெபத்துல ஒண்ணு சொல்லுவாங்களே. ஆண்டவரு செத்து, அடக்கமாகி, பாதாளத்துக்கு இறங்கிப் போனாருன்னு. அது நிஜந்தானா?"

"நிஜந்தான்." இருவர் வாயிலிருந்தும் ஒன்றாகவே வந்தது.

"அங்க அத்தனை பேரு தாகத்தோட கிடக்கையில, அவரு வெறுங்கையோடவா போயிருப்பாரு?"

சுற்றிலும் புகைமூட்டத்துக்குள் நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. லீலாவதி காலடி மண்ணைப் பார்த்தாள். கேட்டவள் அவள்தான், ஆனால் கேட்ட பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. கீழே எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழத்துக்கும் ஒருவர் இறங்கிப் போயிருக்கிறார். உடம்பெல்லாம் சிலிர்க்க, குனிந்து செம்பைச் சாய்க்கப் போனாள்.

அந்தச் செம்பை இன்னொரு கை வந்து வாங்கிக்கொண்டது. உஷாராணி செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் அளந்து அளந்து கொடுத்த கை, செம்பை அப்படியே கவிழ்த்தது. எள்ளோடு தண்ணீர் கல்லில் ஓடி மண்ணில் இறங்கியது.

"குடிலே தம்பி," என்று உடைந்து அழுதாள். "வயிறு நிறையக் குடி. அக்கா இனி அளவு பாக்கமாட்டேன்."