துளை எண் 4,213

எங்கள் அருங்காட்சியகத்தில் லேஸுக்குப் பதிவு எண் கிடையாது. அதிலிருக்கும் துளைகளுக்குத்தான் உண்டு.

சில மாதங்களுக்கு முன் பறவை முட்டைகள் வைத்திருக்கும் அலமாரியின் கடைசி இழுப்பறையில் பழைய கைலேஸ் கழுத்துப்பட்டி ஒன்று கிடைத்தது. சின்னச் சின்ன மரக்கட்டைகளில் நூலைச் சுற்றிப் பின்னியது. அப்படியொரு அழகு. ஆனால் அழகான பொருள் எது கிடைத்தாலும் படிவம் நிரப்புகிறவள் நான்தான். நூல் ஏற்கெனவே பருத்திப் பிரிவில் பதிவாகியிருந்தது. ஒரு பொருளை இரண்டு முறை பதியக் கூடாது. அதனால் மிச்சமிருந்த துளைகளை எண்ணி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தேன். நான்காயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. எட்டு நாள் ஆயிற்று. கண் பூத்துப்போனது.

அதற்கு அடுத்த வாரம் தூத்துக்குடியில் என் மகள் ஜெனிஷாவுக்குத் தலைப்பிரசவம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான்தான் போக வேண்டும். நாற்பது நாள் விடுப்புக் கேட்டேன். காப்பாட்சியர் ஞானசிகாமணி சார் நல்ல மனிதர். துளைகளைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார். சரிபார்த்தோம். ஒன்று குறைந்தது. குறைந்தால் விடுப்பு இல்லை.

பதிவான துளைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் உலாவப் போகும். சில திரும்பி வர மறந்துவிடும். பாடம் செய்த முதலையின் வயிற்றில் தேடினோம். பீரங்கிக்குள் இருந்தது பீரங்கியின் சொந்தத் துளை. எப்போது வருவாய் என்று ஜெனிஷா இரண்டு முறை போனில் கேட்டுவிட்டாள். எனக்கு அழக்கூட அலுப்பாக இருந்தது. ஜன்னலோரம் போய் நின்றேன்.

பதிவேட்டின் மேல் பயறளவு வெயில் விழுந்தது. சார் தலையைத் தூக்கினார்.

"ரோஸ்லெட் மேடம், வெயிலு உங்க நெஞ்சு வழியாத்தான் வருது."

"அதான் ரெண்டு நாளா உள்ள காத்தடிச்சிட்டே கெடக்கு சார்."

கணக்குச் சரியாகிவிட்டது. ஆனால் பதிவான துளையை வைத்திருப்பது சேகரிப்புப் பொருள். பொருளுக்கு விடுப்பு கிடையாது. சார் வெகுநேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இரவல் கொடுக்கலாம் என்றார். நாற்பது நாள். நேர் வெயில் படக் கூடாது, மடித்து வைக்கக் கூடாது. ஜெனிஷா நிறைமாத வயிற்றோடு வாசலுக்கு வந்து, 'துளை ஒன்று, நல்ல நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னை வாங்கிக்கொண்டாள்.

பெண் குழந்தை. வெந்நீர் போட்டேன், பேறுகால மருந்து இடித்தேன். மடிக்கக் கூடாது என்பதால் காலை நன்றாக நீட்டிப் படுத்தேன். முப்பது வருஷத்தில் அப்படிப் படுத்ததில்லை. குழந்தை பால் குடித்ததும் என் துளையில் சுண்டுவிரலை விட்டுக்கொண்டு தூங்கும். அதற்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது.

நாற்பதாம் நாள் அருங்காட்சியக வண்டி வந்தது. ஜெனிஷா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னை வெளிச்சத்தில் நிறுத்தி முன்னும் பின்னும் பார்த்தாள். திருப்பி அனுப்பும் படிவத்தில், துளைகள் இரண்டு என்று எழுதினாள்.

சார் புதியதற்கு 4,213 என்று எண் போட்டு, என்னை முட்டை அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது தூத்துக்குடி வரை போகிறது. இரண்டு மணிக்குப் பால் வாசனையோடு திரும்பி வந்துவிடுகிறது.