சிக்ஸருக்கு ஒரு சேவல்

வரதராஜன்பேட்டை அமல்தாஸ் மைக்கைப் பிடித்தால் உடையார்பாளையம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். கேட்காது, அது ஊர்ப் பெருமைக்குச் சொல்வது. ஆனால் அந்தப் பக்கத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமென்ட் எங்கே நடந்தாலும் மைக்செட்டும் அவருடையதுதான், கமெண்டரியும் அவருடையதுதான். பந்து மேலே போனால் அவர் குரலும் கூடவே மேலே போகும். "அடிச்சான் பாரு! பனமரத்துக்கு அந்தாண்ட போவுது, தேட ஆள் அனுப்புங்கப்பா!" என்று அவர் கத்தும்போது, அடித்தவனுக்கே தன் கைமேல் புது மரியாதை வந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு இறங்கவில்லை. திருவிழாவை ஒட்டி நடக்கும் டோர்னமென்டில் முதன்முறையாகப் பெண்களுக்கும் ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். உள்ளூருக்கும் எறையூருக்கும் பத்து ஓவர் மேட்ச். உள்ளூர் அணியின் கேப்டன் அவருடைய ஒரே மகள் அனிதா மேரி.

சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். "அப்பா, போன வருஷம் அரியலூர்ல பேசுன மாதிரி பேசுனீங்கன்னா இதான் கடைசி. அப்புறம் என் மேட்ச் நடக்குற பக்கமே நீங்க வரக் கூடாது."

அரியலூரில் அவளுடைய கல்லூரி மேட்சுக்கு மைக் பிடித்தபோது, கேட்ச் பிடித்த பெண்ணை, "ஆகா, பாப்பா பந்தைப் புடிச்சிருச்சு, எல்லாரும் கைதட்டுங்க" என்றார். கேட்ச் விட்ட பெண்ணை, "பூ பறிக்கிற கைதானே, விடுங்க" என்றார். பாசமாகச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. மைதானமே சிரித்தது. அனிதா சிரிக்கவில்லை. ஒரு வாரம் அப்பாவோடு பேசவும் இல்லை. ஊரையே பேசிச் சிரிக்க வைக்கிறவருக்கு வீட்டில் பேச ஆள் இல்லாமல் போன அந்த ஒரு வாரத்தை அவர் இன்றைக்கும் மறக்கவில்லை.

"பாப்பா, தங்கச்சியெல்லாம் கெடையாது. பேரச் சொல்லுங்க. டிரெஸ்ஸப் பத்திப் பேசாதீங்க. பரிசு அறிவிப்பும் வேணாம்" என்று அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் சொன்னதற்குத்தான் கொஞ்சம் மெதுவாக ஆட்டினார்.

அதற்குக் காரணம் இருந்தது. இந்தப் பக்கத்து டோர்னமென்டுகளில் ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் பார்க்கிறவர்களுக்கும் சூடு ஏறிவிடும். யாராவது மைக் மேசைக்கு ஓடிவந்து, அடுத்த பந்தை சிக்ஸர் அடித்தால் ஒரு குடம் தருகிறேன், வேட்டி தருகிறேன் என்பார்கள். கோழிக்கடை அரியமுத்து காலைக் கட்டிய சேவலோடுதான் மைதானத்துக்கே வருவார். அமல்தாஸ் அதில் ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தார். உள்ளூர் தோற்கப் போகிற நேரம் பார்த்து, எதிரணிக்காரனுக்குச் சேவலை அறிவிப்பார். ஒன்று ஒன்றாக எடுத்தாலே ஜெயித்துவிடக் கூடியவன், சேவலைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடித்து எல்லையில் கேட்ச் கொடுத்துவிட்டுப் போவான். அப்படி எத்தனையோ கோப்பைகள் ஊருக்கு வந்திருக்கின்றன. இந்தப் பெருமையை ராத்திரிச் சாப்பாட்டில் மகளிடம் அளந்தவரும் இவரேதான்.

ஆட்டம் தொடங்கியதும் அவருக்கு வந்த முதல் சங்கடம், பேசுவதற்கு வார்த்தை இல்லை. அவருடைய சரக்கு முழுக்க ஆகாயத்தில் பறக்கிற பந்துக்கானது. இங்கே பந்து தரையோடு போனது. ஆண்கள் ஆட்டத்தில் அண்ணாந்து பார்த்தால் போதும். இதற்குக் குனிந்து, காலையும் மட்டையையும் பார்க்க வேண்டியிருந்தது. பேச்சு நின்றதும், வேறு வழியில்லாமல் அவர் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

பார்த்தால், இத்தனை வருஷம் கண்ணில் படாததெல்லாம் பட்டது. ஆண்கள் நடந்தே ஒரு ரன் எடுக்கிற இடத்தில் இவர்கள் பறந்து இரண்டு எடுத்தார்கள். ஆள் இல்லாத சந்து எங்கே என்று பார்த்துப் பார்த்துத் தட்டினார்கள். மெதுவாகத்தான் பந்து வந்தது. ஆனால் விழுந்த இடத்தில் ஒன்று நின்றது, ஒன்று திரும்பியது. சண்டைக்கும் குறைவில்லை. ஒரு வைடுக்காக எறையூர்ப் பெண்கள் அம்பயர் மரிய ஆல்பர்ட்டை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். கேலி செய்வதற்கென்றே வந்து வரப்பில் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள்கூட ஐந்தாவது ஓவருக்குமேல் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

"எறையூர் லாவண்யா தட்டிவிட்டு ஓடுறாங்க... ரெண்டாவதுக்கும் திரும்பிட்டாங்க... அனிதா எறியிறாங்க... வந்து சேந்துட்டாங்க!" என்று அமல்தாஸ் சொல்லிக்கொண்டு போனார். மகளைப் பன்மையில் சொல்வது முதலில் நாக்கில் ஒட்டவில்லை; பிறகு பழகிவிட்டது. நடுவில் ஒரு தடவை அனிதா மேசைப் பக்கம் பார்த்துத் தலையசைத்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கடைசி ஓவருக்கு எறையூருக்கு ஆறு ரன் வேண்டும். பந்து போட வந்தது அனிதா. மட்டையோடு நின்றது லாவண்யா. கைக்குழந்தையைப் பந்தலில் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து ஆடுகிற பெண். ஆண் பிள்ளைகளாக இருந்தால் ஒரே அடியில் முடித்துவிடப் பார்ப்பார்கள். இவள் அவசரப்படவில்லை. முதல் பந்தில் ஒன்று எடுத்தாள். அடுத்த பந்தில் கூட ஆடிய பெண் ஒன்று எடுத்தாள். மிச்சம் நான்கு பந்து, நான்கு ரன்.

இப்படியே போனால் பிள்ளை தோற்றுவிடும் என்று அமல்தாஸுக்குப் பயம் வந்துவிட்டது. பக்கத்தில் அரியமுத்துவின் சேவல் சிறகை அடித்துக்கொண்டது. அவ்வளவுதான், பழகிய வாய் திறந்துகொண்டது.

"அடுத்த பந்தை லாவண்யா சிக்ஸர் அடித்தால், கோழிக்கடை அரியமுத்து வழங்கும் நாட்டுச் சேவல் ஒன்று!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் செய்தது உறைத்தது. ஓடி வரத் தொடங்கிய அனிதா பாதியில் நின்றாள். மேசையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேரே லாவண்யாவிடம் போனாள்.

"அக்கா, சேவலுக்கு ஆசப்பட்டுத் தூக்கிடாதீங்க. லாங் ஆன் எல்லையில ஆள் நிக்கிது. அது எங்கப்பா போடுற தூண்டில்."

மைக் தேவைப்படவில்லை, எல்லோருக்கும் கேட்டது. லாவண்யா மட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"அடி போடி. சேவல் வந்தா அத அறுத்துக் கொழம்பு வெக்கிறதும் நாந்தான. எனக்கு எதுக்கு அந்த வேல? நீ போயி பந்தப் போடு."

பந்தலில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமல்தாஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மைக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

லாவண்யா அந்தப் பந்திலும் ஒன்றுதான் எடுத்தாள். அடுத்ததில் இன்னொன்று வந்தது. ஐந்தாவது பந்து திரும்பி, மட்டையை ஏமாற்றிக்கொண்டு போனது. கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். அனிதா பந்தை இன்னும் மெதுவாகத் தூக்கிப் போட்டாள். லாவண்யா இறங்கி வந்தாள். பந்து அவள் நினைத்ததற்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்து திரும்பியது. கீப்பர் சோபியா ஸ்டம்பைத் தட்டிவிட்டாள். மரிய ஆல்பர்ட் விரலைத் தூக்கினார்.

மைதானம் கூச்சல் போட்டது. அமல்தாஸ் மைக்கைத் தொடவில்லை. எழுந்து நின்று, கூட்டத்தில் ஒருத்தர் மாதிரி, கை வலிக்கக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அனிதா மேசைக்கு வந்தாள். ஜெயித்த முகம் இல்லை.

"நான் அந்தக்காவ அவுட்டாக்க மாட்டேன்னு நெனச்சீங்களாப்பா?"

எதையாவது சொல்லிச் சமாளிக்க அவருக்குத் தெரியாதா? தொழிலே அதுதானே. ஆனால் அவளிடம் முடியவில்லை.

"ஆமாம்மா. தோத்துருவியோன்னு பயந்துட்டேன்."

அவள் மைக் ஒயரைச் சுற்றினாள். இதோ சொல்லப் போகிறாள், இனிமேல் வராதீங்க என்று சொல்லப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம பெரம்பலூர்ல மேட்ச் இருக்கு" என்றாள். "அங்க மைக்குக்கு வேற ஆள் சொல்லியாச்சு."

"சரிம்மா" என்றார்.

"அதனால நீங்க பந்தல்ல உக்காந்து பாருங்க. கடைசி பந்துக்கு எந்திரிச்சு நின்னு கை தட்டினீங்கல்ல, பாத்தேன். நான் ஆட வந்ததுலேருந்து இன்னிக்குத்தாம்ப்பா நீங்க பேசாம என்னையப் பாத்தீங்க."

 அமல்தாஸுக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. பந்தலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவள் பந்து போடுவது நன்றாகத் தெரியும் என்று அப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.