சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மா

தேயிலைத் தோட்ட லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் ஸ்பீக்கர் வைக்க சிவரூபிக்கு இருந்ததே ஒரே இடம்தான்: பக்கத்துப் பேச்சியம்மா வீட்டுக்கும் பொதுவான சுவரோரம். அங்கே பழைய ரேடியோ பாடத் தொடங்கினாலே அந்தப் பக்கமிருந்து பேச்சியம்மா டொக் டொக்கென்று சுவரில் தட்டுவாள். சிவரூபி பல்லைக் கடித்துக்கொண்டு சத்தத்தைக் குறைப்பாள். தட்டலும் நின்றுவிடும்.

அதனால் பதுளையில் மர்ஸூக் நானாவின் கடைக்குப் புது ஸ்பீக்கர் வாங்கப் போனவள், விலையைக் கேட்கும் முன்பே சுவரைப் பற்றிச் சொல்லிவிட்டாள். "மலிவா, சின்னதா வேணும் நானா. ஆனா பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாது."

"அப்ப பின்னால காத்து ஓட்டை உள்ள ஸ்பீக்கர எடுக்க வாணாம் தங்கச்சி. சுவரோட வெச்சா சும்மா குமுறும். முன்னால ஓட்டை உள்ள இதக் கொண்டு போங்க."

அன்று சாயங்காலம் பாட்டுக்கு மேல் பாட்டாகப் போட்டாள். சுவரில் ஒரு தட்டுக்கூட விழவில்லை. சிவரூபிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது பேச்சியம்மா பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, புதுசு வாங்குனியே, ஒரு பாட்டும் ஒழுங்கா காதுல விழலயே? வேல முடிஞ்சி வந்து செவத்துல சாஞ்சி பாட்டுக் கேக்குறது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலு!"

"அப்ப தெனமும் செவத்தத் தட்டுனது?"

"தாளம் போட்டேன்டி!"