ஓமிக் குடும்பத்தின் மூன்று கிளைகள்

அம்மாவிடமிருந்து போன் வந்தபோது மணி பதினொன்று. திருப்பதியில் ரேணிகுண்டா சாலையோரம் மாடியில் இருந்த அந்த வீடியோ கேம் கம்பெனியே அன்று குஷியில் இருந்தது. புது விளையாட்டின் முன்னோட்டத்தை நான்கே நாளில் ஒன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். யோகேஷ் கையில் பாதி தின்ற மைசூர் பஜ்ஜியோடு போனை எடுத்தான்.

"டேய் யோகேஷு, துர்காவ காணம்டா!" கிருஷ்ணம்மாவின் குரலுக்குப் பின்னால் பவர்லூம் தடதடத்தது. "காலைலேர்ந்து காணம். உங்க நைனா நகரி ஊரு பூரா தேடிக்கினு கீறாரு. நேத்து மத்தியானம் பக்கத்து வூட்டு செல்வி போன்ல உன் கேமு பாத்தா. அப்போலேர்ந்து சோறே துன்னல. அழுதுக்கினே இருந்தா. வாடி சாப்புடுன்னா கைய ஒதறிட்டுப் போறா."

யோகேஷ் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டான். இனி எப்படி இறங்கும்? அவன் செய்த காரியம் அப்படி.

துர்காதேவி அவனுக்கு நான்கு வயது இளையவள். தறிக்கொட்டகையிலேயே தூளி கட்டி வளர்த்த பிள்ளை. எட்டுத் தறி ஒன்றாக ஓடும் இடத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நூல் அறுந்தால் ஒரு கையசைப்பு, சாப்பாட்டுக்கு ஒரு வாயசைப்பு, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குள் குழந்தை என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. மழலை என்று நினைத்தார்கள். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்து டீச்சர் திருப்பி அனுப்பிய பிறகுதான், அந்தப் பிள்ளை தனக்கென்று ஒரு பேச்சையே கட்டி வைத்திருக்கிறது என்று தெரிந்தது. தமிழ் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. வாயில் மட்டும் வரவில்லை, இன்றுவரை வரவேயில்லை. ஓமி என்றால் வா. மொவ் என்றால் தண்ணீர். சிபா என்றால் வீடு. தெகு என்றால் நெருப்பு. வீட்டில் மற்றவர்கள் சைகையோடு நிறுத்திக்கொண்டார்கள். யோகேஷ் ஒருவன்தான் அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டு பதில் சொன்னான்.

கல்லூரிக்குப் போனதும் அதை விட்டான். பத்து வருஷமாக அவளிடம் தமிழில்தான் பேசினான். கூட்டாளிகள் எதிரில் கேலியாகிவிடும் என்ற வெட்கம், வேறென்ன!

போன வருஷம் கம்பெனியில், விளையாட்டுக்குள் வரும் மூன்று இனங்களுக்குப் புதிதாக மூன்று மொழி வேண்டும், மூன்றும் ஒரே தாய்மொழியில் கிளைத்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். மகாராஜன் யோகேஷ் கிளம்பி நகரிக்குப் போனான். இரண்டு நாள் தங்கையின் எதிரில் உட்கார்ந்து, போனில் பதிவு செய்துகொண்டு வந்தான். அவள் பூரித்துப் போனாள். அண்ணன் மறுபடி தன்னிடம் பேச வந்துவிட்டான் என்று நினைத்தாள், பாவம். இருநூற்றுப் பன்னிரண்டு சொற்களை அவன் வேர்ச்சொற்கள் ஆக்கினான். அவள் பேச்சு அப்படியே மேட்டு ஓமி. அதைத் திரித்து ஆற்று ஓமி, மணல் ஓமி. மேட்டில் சிபா, ஆற்றில் ஹிபா, மணலில் சிவே. ஓமிக் குடும்பம் என்று படம் போட்டு, கொம்பு கிளையெல்லாம் வரைந்து காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். சொற்கள் யாருடையவை என்று அவன் வாயைத் திறக்கவில்லை.

முன்னோட்டத்தில் மேட்டு ஓமி பேசும் ஜனங்களின் ஊரைப் படை வந்து கொளுத்துகிறது. ஒரு பெண் "சிபா தெகு! சிபா தெகு!" என்று கதறுகிறாள். அதோடு முடிகிறது. அந்தக் காட்சியை எழுதியவனும் சாட்சாத் யோகேஷ்தான். தங்கை அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தானா? இல்லை.

படியேறி வாட்ச்மேன் கங்கையா வந்தார். "சார், மீ செல்லெலா? உங்க தங்கச்சியா? மொகம் உங்க மாதிரியே இருக்கு. கிந்த நில்ச்சோனி உந்தி, கீழ நிக்குது. ஒண்ணும் பேசல, இந்தப் பைய காட்டுது." கம்பெனி பெயரும் விலாசமும் அச்சடித்த துணிப்பை. தீபாவளிக்கு யோகேஷ் வீட்டுக்குக் கொடுத்தது. அதைக் கண்டக்டருக்கும் ஆட்டோக்காரருக்கும் காட்டிக் காட்டியே, தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியாகப் போகாதவள் நகரியிலிருந்து திருப்பதி வந்து சேர்ந்திருந்தாள்.

யோகேஷ் எழுந்திருப்பதற்குள் அவளே மேலே வந்துவிட்டாள். தலை கலைந்து, கண் வீங்கி, கையில் ஒரு மூட்டை.

பிரமிளாதான் முதலில் பார்த்தாள். விளையாட்டுக்குக் குரல் கொடுக்கும் பெண். யோகேஷின் தங்கை என்று கேட்டதும் வேடிக்கையாகக் கையை நீட்டி, "ஓமி! ஓமி!" என்றாள்.

துர்கா சிலையாக நின்றாள். இருபத்தாறு வயதுக்குள் அண்ணனைத் தவிர யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதுவும் அந்தக் குரல், வீடு எரிகிறது என்று கதறிய அதே குரல்! மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிரமிளாவின் கைகளைப் பிடித்தாள். முழங்கை வரை புரட்டிப் புரட்டித் தீக்காயம் தேடினாள். மூட்டையை அவிழ்த்தாள். நைனா நெய்து மடித்து வைத்திருந்த புதுத் துண்டுகள், ஒரு படி பொரி, வெல்லம், ஒரு பாட்டில் தண்ணீர். ஒரு துண்டை உதறிப் பிரமிளாவின் தோளில் போர்த்தினாள். பேசினாள், நிறுத்தாமல் பேசினாள். இருபத்தாறு வருஷப் பேச்சும் மொத்தமாகக் கொட்டியது.

பிரமிளாவுக்குத் தெரிந்தது மனப்பாடம் செய்த நாற்பது வரிதான். பயத்தில் வாய்க்கு வந்த ஒரு வரியைச் சொன்னாள். "மொவ் தா." தண்ணீர் கொடு. துர்கா பதறிப்போய் பாட்டிலைத் திறந்து, குழந்தைக்குப் புகட்டுவதுபோல் அவள் தலையைப் பிடித்துப் புகட்டினாள். பிரமிளா குடித்துக்கொண்டே அழுதுவிட்டாள். ஒலிப்பதிவு பார்க்கும் ஜெபகுமார், "யோகேஷ்... இது நீ கண்டுபிடிச்ச பாஷைன்னு சொன்னியேப்பா?" என்றான்.

யோகேஷை வெட்கம் பிடுங்கித் தின்றது. தங்கையின் அருகே போனான். "துர்கா, அப்படி யாரும் இல்லம்மா. எந்த ஊரும் எரியல. எல்லாம் நான் கட்டுன கத. உன் பேச்ச எடுத்துத்தான்..."

அவள் கேட்டாள். புரிந்தது, ஆனால் நம்பவில்லை. இதோ இந்தப் பெண் பேசினாளே! பிரமிளாவைக் காட்டி, அறையை வளைத்துக் காட்டி, தன் பேச்சில் கேட்டாள். மிச்சம் எத்தனை பேர்?

இதற்காவது அவள் மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்று யோகேஷ் வாயைத் திறந்தான். நம் வீட்டில்தான் மிச்சம், வேறெங்கும் இல்லை என்று சொல்லப் பார்த்தான். வந்தது ஆற்று ஓமி. அவனே திரித்த சொற்கள். மாற்றிச் சொல்லப் பார்த்தான். மணல் ஓமி வந்தது. ஒரு வருஷம் அந்தக் கிளைகளிலேயே கிடந்தவனுக்கு அவளுடைய சொற்கள் நாக்கில் இல்லை. பாவி, அடியோடு இல்லை! துர்கா அவன் வாயையே பார்த்தாள். தெரியாத ஊர்க்காரனைப் பார்ப்பதுபோல் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

கண்ணில் நீர் முட்ட, வேறு வழி தெரியாமல் யோகேஷ் இரண்டு விரலைக் காட்டினான். நீயும் நானும்.

துர்கா கிட்டே வந்தாள். கோபம் இல்லை. அவனுடைய விரல் ஒன்றைப் பிடித்து மெதுவாக மடக்கினாள். மீதியிருந்த விரலை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.