புதன்கிழமை நாடகத்துக்கு ஒரு நோட்டீஸ்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. நானாகக் கற்பனை செய்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் உயிரோடு இருக்கிறார், பத்திரிகையும் படிக்கிறார்.

அவர் பெயர் சுப்பராமன். மதுரையிலிருந்து மேலூர் போகிற ரோட்டில், ஒத்தக்கடைக்குச் சற்று இப்பால் உள்ள ஒரு சின்ன மிஷன் காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார். எதிர் வரிசையிலிருந்து யாரோ அவரைக் கேட்டார்: "சார், உங்க காலேஜ்ல முன்னால ஒரு நாடகம் போட்டீங்களே, அதுல பாண்டிய ராஜாவா வந்தாரே, அம்மாடி, என்ன குரல்! அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?"

"இங்கனதான் இருக்கார்" என்றார் சுப்பராமன். பிறகு பாயசத்தைத் தொடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

பாயசத்தை விட்டுவிட்டு எழுகிற மனிதரை என் போன்றவர்கள் விடமாட்டோம். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே நடந்து கதையை வாங்கிவிட்டேன். பஸ் ஏறும்போது அவர் சொன்னது இது: "எழுதுறதுன்னா எழுதுங்க. என்னை நல்லவனாக்கிராதீங்க, அம்புட்டுதான்."

நான் சிரிப்புக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆண்டு மலருக்குக் காலேஜ் தமாஷ் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அது எங்கே கை நழுவியது என்று போகப்போகத் தெரியும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வைகைக் கரையிலே மாலைச் சூரியன் தன் பொற்கிரணங்களை—

(வேண்டாம். அந்தக் காலேஜிலிருந்து வைகை தெரியாது. தெரிந்தாலும் மாசி மாதத்தில் மணல்தான் தெரியும்.)

சுப்பராமன் ஒரு முட்டாள்.

(இதுவும் வேண்டாம். முட்டாளாக இருந்திருந்தால் அவர் பாயசம் சாப்பிட்டிருப்பார்.)

மூன்றாவதாக, நோட்டீஸையே தொடக்கமாக வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில், ரோஜா நிறத் தாளில் அச்சடித்து, பஸ் நிற்கிற இடம் தொட்டு யானைமலை அடிவாரம் வரைக்கும் ஒட்டிய நோட்டீஸ் அது:

முத்தமிழ் விழா
நிகழும் வெகுதானிய வருஷம் மாசி மாதம்
திங்கள் மாலை: இயல். கல்வி கற்க ஏற்றது நகரமா, கிராமமா? வாதப் போர்.
செவ்வாய் மாலை: இசை. மாணவர் கச்சேரி.
புதன் மாலை: நாடகம். "மாறன் துறந்த முடி". இயற்றியவர் சுப்பராமன் எம்.ஏ. பாண்டிய ராஜனாக சவரியப்பன்.
தலைமை: ஹாலாஸ்யமய்யர், முன்னாள் முன்சீப்.
ஸ்திரீகளுக்குத் தனி இடம் உண்டு. அனைவரும் வருக.

எவ்வளவு நல்ல நோட்டீஸ், பாருங்கள்! இன்னும் நடக்காத எதிலும் ஒரு குறையும் இருப்பதில்லை. அந்தப் பசை காயும் வரைக்கும் சுப்பராமன் உலகத்திலேயே சந்தோஷமான மனிதராக இருந்தார்.

3

நாள் குறித்த கதையைச் சொல்ல வேண்டும். என் தமாஷெல்லாம் இங்கேதான் இருந்தது.

விழா நடத்துகிற காலேஜ் மன்றத்துக்குச் சுப்பராமன்தான் காரியதரிசி. சிவப்பழம். பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாவற்றையும் அடித்தார். பரீட்சை நாட்களை அடித்தார். ஹாலாஸ்யமய்யர் மதுரையில் ஒரு நாடக சபையை நடத்துகிறவர். அவருக்குப் பிடித்துவிட்டால் நாடகம் நகரத்து மேடை ஏறும். அவர் புதன்கிழமை வருவதாக எழுதியிருந்தார். ராகு காலம் மத்தியானத்தோடு போய்விடும், வளர்பிறை வேறு. போதாதா?

போதாது என்று நினைத்ததுதான் சுப்பராமனுடைய நல்ல குணம். இது மிஷன் காலேஜ் ஆயிற்றே, வேதக்காரர்களான கிறிஸ்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று நேரே பிரின்ஸிபால் துரையிடம் போனார். "அன்றைக்கு உங்களுக்கு ஏதும் பண்டிகை, நோன்பு உண்டா?" என்று கேட்டார். துரை யோசித்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் புராட்டஸ்டண்டு, அவருடைய சபையில் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

சவரியப்பன் கத்தோலிக்கர்.*

(* இது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். சுப்பராமன் வீட்டில் ஒரு நாமத்தைப் பார்த்தால் அது வடகலையா தென்கலையா என்று பத்தடிக்கு அப்பாலிருந்தே சொல்லிவிடுவார்கள். வேதக்காரர் என்றால் மட்டும் எல்லாரும் ஒன்றுதான். நண்பனை விட்டுவிட்டுத் துரையிடம் ஏன் கேட்டீர்கள் என்றேன். "பெரியவங்கள்ட்ட கேக்கறது முறைன்னு நெனச்சேன்" என்றார்.)

4

சவரியப்பனை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் அவரை ஒரு புனிதராக எழுதி வைத்திருந்தேன். காலேஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். சுப்பராமன் வாசித்துவிட்டு, "யாரு இந்த ஆளு? எங்க சவரி சீட்டாட்டத்துல கள்ளம் பண்ணுவான். என் செருப்ப மாட்டிக்கிட்டு அவன் பாட்டுக்குப் போயிருவான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆகவே அந்தப் பிரதியைக் கிழித்தாயிற்று. சவரியப்பன் காலேஜ் ஆபீஸில் குமாஸ்தா. சுப்பராமனும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருவர் வாத்தியாரானார், ஒருவர் குமாஸ்தாவானார். ஆனாலும் தனியாக இருந்தால் இருவருக்கும் 'மாப்ள'தான். சவரியப்பன் சின்ன வயசிலிருந்து மாதா கோயில் பாட்டுக் கூட்டத்தில் பாடியவர். அங்கே பாடகர்கள் ஜனங்களுக்குப் பின்னால், மாடத்தில் நிற்பார்கள். குரல் கேட்கும், முகம் தெரியாது. ஒரு தடவையாவது ஆட்களைப் பார்த்து நின்று பாட வேண்டும் என்பது அவருக்கு ஆசை. சுப்பராமன் ராஜா வேஷத்தை எழுதியதே அந்தக் குரலுக்காகத்தான். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. நாடகம் நடக்க வேண்டும் என்று சுப்பராமனுக்கு இருந்த தவிப்பு சவரியப்பனுக்கும் இருந்தது.

நோட்டீஸ் ஒட்டிய மறு வாரம் அவர் சுப்பராமனை ஆபீஸ் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரு சங்கடம். பூசையில சாமியார் சொன்னாரு. அந்தப் புதன்தான் எங்களுக்கு விபூதித் திருநாள். நெத்தியில சாம்பல் பூசுவாங்க. அன்னையிலருந்து நாப்பது நாள் தபசுகாலம். அன்னைக்கு ஒருசந்தி, ஒரு நேரந்தான் சாப்பாடு. பாட்டு கூத்துன்னு எதுவும் ஆகாது."

"என்னடா, திடீர்னு வந்து சொல்ற?"

"வருசா வருசம் வாரதுதான். தேதி முன்னப் பின்ன வரும், நானும் பாக்காம இருந்துட்டேன். ஒண்ணுமில்ல, கச்சேரியப் புதனுக்குத் தள்ளு, நாடகத்தச் செவ்வாய்க்குக் கொண்டா. அம்புட்டுதான்."

அம்புட்டுதான். ஒரு கோடு போட்டு இரண்டு கிழமைகளை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் ஹாலாஸ்யமய்யர் புதன் என்று எழுதியிருந்தாரே! அவரிடம் போய் நாளை மாற்றச் சொன்னால், வரவே மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று சுப்பராமனுக்குப் பயம். பயந்த மனிதன் கோபப்படுவான். அவரும் கோபப்பட்டார்.

"துரைகிட்டக் கேட்டுத்தான் நாள் வச்சேன். ஒண்ணுமில்லன்னு அவரே சொல்லிட்டாரு. அவருக்கே இல்லாத நோன்பு ஒனக்கு மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு?"

(இந்த வாக்கியத்தை நான் இரண்டு விதமாக மென்மையாக்கிப் பார்த்தேன். சுப்பராமன் ஒப்பவில்லை. அச்சு அசலாக அப்படியே இருக்க வேண்டும் என்றார்.)

சவரியப்பன் ஆபீஸ் பக்கம் திரும்பினார். "சரி. நீ சொல்றேல்ல, வந்துர்றேன்" என்றார்.

5

கதை இந்த இடத்தில் வேறு வழியாகப் போயிருக்கலாம். நான் அந்த வழியையும் எழுதிப் பார்த்தேன். அதில் சுப்பராமன் மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறுகிறார். ஹாலாஸ்யமய்யர் மூக்குப்பொடியை உதறிவிட்டு, "செவ்வாயா? பேஷா வரேன்" என்கிறார். சவரியப்பன் செவ்வாய்க்கிழமை ராஜாவாக நிற்கிறார், புதன்கிழமை சாம்பல் பூசிக்கொண்டு வீட்டில் கஞ்சி குடிக்கிறார். எல்லாருக்கும் மங்களம்.

"அவரைப் போய்க் கேட்டீங்களா?" என்று சுப்பராமனை விசாரித்தேன்.

"கேக்கல."

ஆகையால் அந்தப் பக்கம் குப்பைக்குப் போயிற்று.

6

புதன்கிழமை சாயங்காலம். ரசாயன வகுப்புதான் வேஷம் கட்டுகிற அறை. வேஷம் போட்டுவிட மதுரை நாடகக் கம்பெனியிலிருந்து பேயாண்டி என்பவர் அரிதாரப் பெட்டியோடு வந்திருந்தார்.

சவரியப்பன் நேரத்துக்கு வந்தார். பட்டினி முகம். நெற்றி நடுவே சாம்பலில் ஒரு சின்னச் சிலுவை, காலையில் சாமியார் போட்டது.

"அண்ணே, நெத்தியத் தொடச்சுட்டு உக்காருங்க. அதுக்கு மேல பூசுனா பூச்சு நிக்காது" என்றார் பேயாண்டி.

சவரியப்பன் துடைக்கவில்லை. சுப்பராமனைப் பார்த்தார்.

இந்தப் பார்வையை வர்ணிக்க நான் எழுதிய ஐந்தாறு வரிகள்— (அவற்றை அடித்துவிட்டேன். பார்த்தார், அவ்வளவுதான்.) 'இருக்கட்டும் பேயாண்டி, கிரீடத்தைக் கொஞ்சம் இறக்கி வைங்க' என்று சுப்பராமன் சொல்லியிருந்தால் போதும். அந்த வாசகம் அவர் நாக்கு வரைக்கும் வந்தது என்கிறார். ஆனால் கடைசிக் காட்சியில் ராஜா கிரீடத்தைக் கழற்ற வேண்டும். நெற்றி தெரியும். முன் வரிசையில் ஹாலாஸ்யமய்யர் உட்கார்ந்திருக்கிறார்.

"நேரமாச்சு மாப்ள" என்றார் சுப்பராமன்.

சவரியப்பன் தோள் துண்டை எடுத்துத் தாமே துடைத்துக்கொண்டார். துடைத்த பக்கம் உள்ளே போகும்படி துண்டை மடித்துத் தனியாக வைத்தார். பேயாண்டி முகம் பூசி, மீசை எழுதி, பாண்டிய ராஜனுக்கு வேண்டும் அல்லவா, நெற்றி நிறையத் திருநீறு பட்டையாக இட்டார்.

(இதுவும் சாம்பல், அதுவும் சாம்பல்தானே என்று உங்களில் ஒருவர் சொல்லலாம். சுப்பராமனும் அன்று மனசுக்குள் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டார். சவரியப்பன் சொல்லியிருந்தால் அது அழகான வார்த்தை. சுப்பராமன் சொன்னால் அது வெறும் சாக்கு.)

நாடகம் பிரமாதமாக நடந்தது. அப்படிப்பட்ட குரலை அந்த ஊர் கேட்டதில்லை. ராஜா முடியைக் கழற்றிக் கீழே வைத்துப் பாடியபோது, தட்டிக்கு அப்பாலிருந்த ஸ்திரீகள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. ஹாலாஸ்யமய்யர் மேடையேறி, சித்திரையில் இதை மதுரையில் தம்முடைய சபையில் போடுவதாக அறிவித்தார். இறங்கும்போது சுப்பராமனிடம் சகஜமாக ஒன்று சொன்னார்: "நேத்தைக்கே வச்சிருக்கப்படாதோ? இன்னிக்கு ஆத்துல ஒரு சீமந்தம். பாதியில விட்டுட்டு ஓடி வந்தேன்."

சுப்பராமன் கொல்லைப்புறக் கிணற்றடிக்கு ஓடினார். சவரியப்பன் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாப்ள! கொன்னுட்டடா! சித்திரையில மதுர மேடை!"

சவரியப்பன் நிமிர்ந்தார். நெற்றி சுத்தமாக இருந்தது, எதுவும் இல்லை.

"நல்லபடியா முடிஞ்சது சார்" என்றார்.

கேலி என்று நினைத்துச் சுப்பராமன் சிரித்தார். மறுநாள் ஆபீஸிலும் "சார்". மதுரை நாடகத்துக்கு, "வேற ஆளப் பாத்துக்கங்க சார்." சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை. சுப்பராமன் வீட்டில் பிள்ளை பிறந்தபோது சவரியப்பனும் அவர் மனைவி ஆனிமேரியும் வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தார்கள். "ரொம்ப சந்தோஷம் சார்." வேறு ராஜா கிடைக்காததால் நாடகம் மதுரைக்குப் போகவே இல்லை. அதற்காகச் சுப்பராமன் இன்று வருத்தப்படவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். ஒன்பது வருஷமாகத் தினமும் அதைக் கேட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார்.

7

இப்போது நடப்பது. வருகிற மாசியில் காலேஜுக்கு வெள்ளி விழா. மறுபடியும் முத்தமிழ், மறுபடியும் சுப்பராமன் காரியதரிசி. நோட்டீஸ் எழுதிவிட்டார். நாள் எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவரியப்பன் வீட்டுக்குப் போய், 'எந்த நாள்னு நீ சொல்லுடா' என்று கேட்கப் போகிறாராம். நான் இதை எழுதுவது வெள்ளிக்கிழமை.

ஆண்டு மலர் ஞாயிறு வரை காத்திருக்காது. ஆகையால் முடிவை நானே எழுதினேன்:

கதவைத் திறந்த ஆனிமேரி, "வாங்க, வாங்க" என்றாள். உள்ளேயிருந்து சவரியப்பன் வந்தார். சுப்பராமன் கையிலிருந்த தாளை நீட்டினார். சவரியப்பன் அதை வாசித்தார், காலி இடத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார். "உள்ள வா மாப்ள—"

(அடித்துவிட்டேன்.)

எழுதியபோது எனக்கே பிடித்திருந்தது. ஆனால் சவரியப்பனை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்தக் கதை முழுவதும் சுப்பராமன் சொல்லக் கேட்டது. சவரியப்பனைக் கேட்காமல் துரையைக் கேட்டு அன்று நாள் வைத்தார்கள். அவரைக் கேட்காமலே சுப்பராமனைக் கேட்டு, நான் அவர் வாயில் மன்னிப்பை வைக்கப் பார்த்தேன். "உள்ள வாங்க சார்" என்று எழுதினாலும் அதே தப்புத்தான்.

ஆகவே இந்த இடத்தை நோட்டீஸில் இருப்பது போலவே காலியாக விடுகிறேன். நீங்கள் நிரப்ப விரும்பினால் நிரப்புங்கள். நிரப்புவதற்கு முன் உங்களை 'மாப்ள' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்து நிறுத்திவிட்ட யாராவது உண்டா என்று ஒரு தரம் யோசித்துக்கொள்ளுங்கள்.

சவரியப்பன் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "உள்ள .........."