எர்மெலிந்தா வீட்டுக் கிழவன் கள்ளி

ஆக்தோபன் ஊரில் எர்மெலிந்தா வளர்த்த கள்ளிச்செடி, புகழ்ந்தால் வளரும், திட்டினால் குறுகும். இது தெரியவந்த வருஷம் மக்காச்சோளம் நன்றாக விளைந்தது. தக்காளிதான் புழு விழுந்து போயிற்று. செடியை வாங்கிக் கொடுத்தவள் மகள் யோலா. வடக்கே வேலைக்குக் கிளம்புவதற்கு முன் புதன்கிழமைச் சந்தையில் வாங்கி, பழைய மிளகாய் டப்பாவில் நட்டு, கிழக்கு ஜன்னலில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, இதுக்கு மாசம் ஒரு தடவை தண்ணி போதும். அப்பாவுக்குத் தின்னப் போட்டுப் போட்டு ஆளை அனுப்பின மாதிரி இதையும் அனுப்பிடாத." அப்பா காந்திதோ போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

உடம்பெல்லாம் வெள்ளை முடி தொங்கும் ஜாதி அது. அந்தப் பக்கத்தில் கிழவன் என்பார்கள். முடிக்குள் முள் இருப்பது தொட்டால்தான் தெரியும். எர்மெலிந்தா எல்லாம் முறைப்படியே செய்தாள். டப்பாவின் அடியில் ஓட்டை போட்டாள், ஆற்று மணலும் சரளையும் கலந்து வைத்தாள், மண் காய்ந்து கலகலத்தால்தான் தண்ணீர் விட்டாள், வெயில் பக்கம் சாயாதபடி ஞாயிற்றுக்கிழமைதோறும் டப்பாவைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். யோலா குழந்தையாக இருந்தபோது தலைவாரிய பிரஷ்ஷால் முடியைச் சீவியும் விட்டாள். முறையில் இல்லாத ஒன்று பேச்சு. "என் ராஜா, ராத்திரி குளிருச்சா?" என்று காலையில் கேட்பாள். பதில் வராவிட்டாலும் கேட்க ஓர் ஆள் இருந்தது. ஈஸ்டருக்குள் செடி டப்பாவை விட்டு வாளிக்கும், வாளியை விட்டுத் துணி ஊறவைக்கும் தொட்டிக்கும் மாறியது.

மீதியை விருந்தாளிகள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்குள் வந்தவர்கள் எதையாவது பாராட்டாமல் நாற்காலியில் உட்காருவது அந்த ஊரில் கிடையாது. குழந்தையையோ ஆட்டையோ செடியையோ பாராட்டிவிட்டால், கண் பட்டுவிடாமல் இருக்க உடனே தொட்டும் விடவேண்டும். ஆகவே அந்தக் கோடையில் தெருவில் எல்லோர் விரலிலும் முள் இருந்தது. மருந்துக்கடையில் முள்வாங்கி தீர்ந்துபோயிற்று. கள்ளியின் உச்சி தகரக் கூரையைத் தொட்டு ஆணிகள் கிறீச்சிட ஆரம்பித்தபோது எர்மெலிந்தா எலி என்றுதான் நினைத்தாள்.

கொழுந்தன் நசாரியோ ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான். அந்தக் கூரையை அண்ணன் காந்திதோவோடு சேர்ந்து போட்டவன் அவன். "அண்ணி, மழை சான் இசித்ரோ திருநாளுக்கு வந்துடும். அதுக்குள்ள இது கீழ இறங்கலேன்னா நான் வெட்டுக்கத்தியோட வருவேன். கூரையா கள்ளியான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க." எர்மெலிந்தாவுக்குக் கூரையும் வேண்டியிருந்தது, கள்ளியும் வேண்டியிருந்தது.

இறக்கும் வழியைக் காட்டியவள் எதிர்வீட்டு ஒப்துலியா. யோலாவுக்கு ஞானத்தாய் என்பதால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிடவேண்டிய உறவு. கூப்பிட்டுக்கொள்வதில்லை. யோலாவின் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்தில், எர்மெலிந்தா இரண்டு நாள் அரைத்துக் கிளறிய மோலே குழம்பைப் பற்றி, "சுவத்துல பூசியிருந்தா வெடிப்பாவது அடைஞ்சிருக்கும்" என்று சொன்னவள் ஒப்துலியா. மனதில் பட்டதைத் தவிர வேறெதுவும் அவள் வாயில் வராது. அவள் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன கண்றாவி இது? குளிக்காத ஆடு ரெண்டு கால்ல எழுந்து நிக்கற மாதிரி" என்று சொல்லிக்கொண்டே போனாள். கள்ளி இரண்டு முழம் இறங்கியது. கூரை பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. முடி மட்டும் குறையாததால் தாடி தரையில் மடிந்து கிடந்தது.

எர்மெலிந்தா தானே திட்டிப் பார்த்தாள். "சோம்பேறி" என்றாள், அது தொட்டில் பிள்ளையைச் சொல்வதுபோல வந்து, செடி ஒரு விரல் வளர்ந்தது. அண்டை அயலார் மரியாதைக்காகத் திட்டியதில் ஒன்றும் நடக்கவில்லை. வசவு மனதிலிருந்து வரவேண்டியிருந்தது. கடைசியில் தெருவைக் கடந்தாள்.

"கொமாத்ரே, ஒரு உதவி."

"இத்தனை வருஷம் கழிச்சு உதவியா? மோலே சாப்பிடக் கூப்பிடாத வரைக்கும் சரி."

"என் செடியைத் திட்டணும்."

"அதுக்கு எதுக்கு அங்க வரணும்? இங்க உட்கார்ந்தே திட்டுவேனே."

"பக்கத்துல வந்து திட்டினா நல்லா இறங்கும்."

ஒப்துலியா அன்றிலிருந்து காலைதோறும் வந்தாள். எர்மெலிந்தா மண்குவளையில் காப்பியும் இனிப்பு ரொட்டியும் வைத்துவிட்டு அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்காருவாள். கள்ளியின் பரம்பரை, நிறம், நாற்றம், நிழலுக்குக்கூட உதவாத தன்மை ஒன்றையும் ஒப்துலியா விடவில்லை. செடி முழங்கால் உயரத்துக்கு வந்தது. நசாரியோ கத்தியைக் கொட்டகையில் மாட்டினான். பிறகு காப்பி ஆறியும் ஒப்துலியா எழுந்து போகாமல் உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள், "தண்டச்சோறு" என்று அவள் சொல்லி வாய் மூடுமுன் செடி ஒரு முழம் உயர்ந்தது.

"கொமாத்ரே," என்றாள் எர்மெலிந்தா அடுப்படியிலிருந்து, "இப்ப நீங்க பொய் சொன்னீங்க."

"நானா? பொய்யா?"

"நான் சொல்லல. அது சொல்லுது. நான் சீவாத நாள்லயும் பிரஷ்ல நீளமா நீளமா முடி இருந்தப்பவே நினைச்சேன், யாரோ சீவறாங்கன்னு."

"சிக்கு விழுந்து கிடந்துச்சு. பார்க்கச் சகிக்கல," என்றாள் ஒப்துலியா. செடி இன்னொரு முழம் உயர்ந்தது. அவள் சால்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு ஊரில் இருந்த ஒரே பெருமை அந்த வாய்தான். அதுவும் போனபின் அவள் கதவைத் திறக்கவில்லை. எர்மெலிந்தா கொஞ்சிவிடாமல் இருக்க வாயில் துணி கட்டிக்கொண்டு நடமாடினாள். கண்ணால் கொஞ்சியதே கள்ளி மறுபடி கூரை வரை ஏறப் போதுமானதாக இருந்தது.

சான் இசித்ரோவுக்கு முந்தின நாள் நசாரியோ கத்தியோடு வந்தான். எர்மெலிந்தா வாசலில் குறுக்கே நின்று துணியை அவிழ்த்தாள். "தம்பி, வெட்டறதுன்னா வெட்டு. உள்ள போய் அழகுன்னு மட்டும் சொல்லிடாத."

"நான் எதுக்கு அண்ணி சொல்லப் போறேன்?" என்றபடி உள்ளே போனான். வீட்டுக்குள் போகிற ஆள் தொப்பியைக் கழற்றவேண்டும், கழற்றினான். தலையை நிமிர்த்தினான். கூரைக்கு அடியில், நரைத்த உச்சியைச் சுற்றி ரோஜா நிறத்தில் பூக்கள் பூத்திருந்தன. அவனுடைய அம்மா அவனை நன்றாக வளர்த்திருந்தாள். "அண்ணி, எவ்வளவு லட்சணமா வச்சிருக்கீங்க," என்றான்.

கூரை, சட்டமும் ஆணியுமாக, மூடியைத் திறந்ததுபோல் முழுசாக எழும்பிச் சுவருக்கு மேல் ஒரு முழத்தில் நின்றது. பாராட்டிவிட்டபடியால் தொட்டாக வேண்டும். நசாரியோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தொட்டான். ஒரு மாதம் அவனால் கரண்டி பிடிக்க முடியவில்லை. கத்தியைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

சத்தம் கேட்டு ஒப்துலியா வந்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்பத்தான் இந்த வீட்டுக்குள்ள வெளிச்சம் வந்திருக்கு. மூலையில இருக்கற ஒட்டடையெல்லாம் தெரியுது."

"காப்பி போடட்டுமா?"

"போடுங்க. போன தடவை மாதிரி கழுநீரா வேண்டாம்."

எர்மெலிந்தா கள்ளியைப் பார்த்து, துணி இல்லாத வாயால், "கேட்டியா ராஜா?" என்றாள்.

மழை மறுநாளே வந்தது. கூரை சுவரைத் தாண்டி அகலமாக நீண்டிருந்ததால் உள்ளே நனையவில்லை. அடுப்புப் புகை வெளியேற வழி கிடைத்தது. பள்ளத்தாக்குக் காற்று வேகமாக அடிக்கிற சாயங்காலங்களில் கூரை கள்ளியின் உச்சியில் மெல்லச் சுழலும். வெயில் அறையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வரும். அப்போது இருவரும் பேச்சை நிறுத்தாமல் நாற்காலிகளை நிழலுக்குத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.